சுண்ணக்கல் நிலத்தில் பொன் தேடும் கருவி

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல் அமைந்த நிலம். இற்றைக்கு ஏறத்தாழ இரண்டு கோடியே முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை நீடித்த அந்தக் காலத்தில், ஆழமற்ற வெப்பக் கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பி, பவளம் முதலிய உயிரிகளின் ஓடுகள் படிந்து இறுகியதால் உண்டான பாறை அது. குடாநாட்டு ஊரான வட்டுக்கோட்டையில் கிணறு வெட்டுவோர் மேல்மண்ணைக் கடந்ததும் தட்டுப்படும் வெண்கல்லும் அதுவே. பொன் உண்டாகும் சூழல் இதற்கு முற்றிலும் வேறானது. நிலத்தின் ஆழத்தில் சூடேறிய நீர், மிகச் சிறிய அளவில் பொன்னைக் கரைத்துக்கொண்டு பழம்பாறைகளின் வெடிப்புகள் வழியே மேலேறி, குளிர்ந்து, வெண்ணிறப் படிகக்கல்லோடு சேர்ந்து நரம்பு நரம்பாகப் படியும்போதே பொன் ஓரிடத்தில் திரளுகிறது; வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்து, 2001 பெப்ரவரி 28 அன்று மூடப்பட்ட கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீற்றருக்கும் மேலான ஆழம் வரை பின்தொடரப்பட்டவை இத்தகைய நரம்புகளே. கடலடியில் ஓடுகள் படிந்து உருவான வட்டுக்கோட்டைக் கல்லில் அவ்வாறான நரம்பு ஒன்று ஓடுவதற்கு இடமில்லை.

பாறையில் இல்லாவிடினும் ஆற்றில் இருக்கலாமே என்று பொன் அரிப்போர் கருதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். பொன்னின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப் போலப் பத்தொன்பது மடங்குக்கு மேற்பட்டது. சாதாரண மணலின் அடர்த்தியோ மூன்று மடங்கைக்கூட எட்டுவதில்லை. ஆகவே, மலையில் சிதைந்த நரம்புகளிலிருந்து ஆறு அடித்துவரும் பொடிப்பொன், நீரோட்டம் தளரும் வளைவுகளிலும் பாறைப் பள்ளங்களிலும் மணலுக்கு முன்பாகவே அடியில் தங்கிவிடுகிறது. அகன்ற தட்டில் வண்டலையும் நீரையும் இட்டுச் சுழற்றி, இலேசான மணலை விளிம்பால் வழியவிட்டு, கனத்ததை அடியில் நிறுத்தும் அரிப்பு முறையும் இந்த அடர்த்தி வேறுபாட்டையே நம்பியிருக்கிறது. குடாநாட்டுக்கு இருப்பது ஒரேயோர் ஆறு, அதுவும் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் ஆகிய ஊர்களின் வயல்களினூடாக வந்து, வட்டுக்கோட்டையின் அயலூரான அராலியில் அது கடல்நீரேரியைச் சேர்கிறது. மலையில் பிறக்காமல், தொடக்கம் முதல் முடிவு வரை சுண்ணக்கல் நிலத்தின் மேலேயே வழியும் அந்த ஆற்றிடம் அடித்துவருவதற்குச் செம்மண்ணும் சுண்ணமும் வயல் வண்டலும் இருக்கின்றனவேயன்றிப் பொன் இல்லை.

இலங்கை முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் பொன் அருமையாகவே கிடைக்கிறது. யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட குடும்பத்தின் வழிவந்தவரும் பிற்காலத்தில் கலை வரலாற்றறிஞராகப் புகழ்பெற்றவருமான ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்து தீவின் கற்களை முறையாக ஆராய்ந்தவர். அவருடைய காலத்துக்கு முன்னும் பின்னும் அறியப்பட்ட பொன், இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கக் கற்கள் கிடைக்கும் சரளைப் படிவாகிய ‘இல்லம்’ என்பதில் தென்படும் துகள்களைப் போன்ற சொற்ப அளவினதே. மேலும், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனிப்பொருள்கள் சட்டத்தின்படி நிலத்தடிக் கனிப்பொருள்களைத் தேடுவதற்கும் அகழ்வதற்கும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் உரிமம் வேண்டும் என்பதால், தன் காணியில் தானே தேடினாலும் அது சட்டத்துக்குப் புறம்பானதாகிவிடலாம்.

இவ்வளவும் உண்மையாயிருக்க, யாழ்ப்பாணத்தில் பொன் குறைவாக இருந்ததில்லை. வீட்டுக்கு வீடு தாலிக்கொடியும் காப்பும் பதக்கச் சங்கிலியுமாக, பவுண் கணக்கில் மதிப்பிடப்பட்டு, சீதனமாகவும் அடகாகவும் கைமாறிவந்த அந்தப் பொன் முழுவதும் கடல் கடந்து வந்தது. முத்துக்கும் சங்குக்கும் யானைக்கும் பின்னர் புகையிலைக்கும் ஈடாகவும், மலாயாவில் எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் பணிபுரிந்தோரின் சம்பளமாகவும், இன்று கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் பணமாகவும் வந்து நகையானது. இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்று உண்டு. வட்டுக்கோட்டை மண்ணுக்குள் ஒரு பொன் துண்டு இருக்குமானால், அதை அங்கே இட்டது இயற்கையன்று, யாரோ ஒரு மனிதர். அதை இழந்தோ, புதைத்தோ, தெய்வத்துக்கு அளித்தோ, பிணத்தோடு வைத்தோ அவர் சென்றிருக்கிறார். எனவே, உலோகங்காட்டும் கருவியை இந்நிலத்தின் மேல் நகர்த்துவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டியது அப்பொன் யாருடையது என்ற கேள்வியையே. அதன் எடை எவ்வளவு என்பது அதற்குப் பின்னரே.

மண்ணிலிருந்து வெளிப்பட்டவற்றுள் மிகப் பெயர்பெற்றது, 1936இல் வடமராட்சி வல்லிபுரத்தில், விஷ்ணு கோயிலைச் சேர்ந்த நிலத்தில் பழங்கட்டடம் ஒன்றின் அடித்தளத்திலிருந்து கிடைத்த பொற்சாசனமாகும். விரலளவேயான அந்த மெல்லிய தகட்டை நகைக்கடைத் தராசில் இட்டால் ஒரு பவுணளவுகூட நிற்காது. ஆயினும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட அதன் சில வரிகள், வசபன் எனப் பெரும்பாலோர் இனங்காணும் மன்னனின் காலத்தில் இசிகிரயன் என்னும் அமைச்சன் நாகதீபத்தை ஆண்டதையும் விகாரை ஒன்று எழுப்பப்பட்டதையும் கூறுவதால், தொல்லியலறிஞர் பரணவிதான அதைப் பதிப்பித்த நாள் முதல் இன்று வரை குடாநாட்டின் தொல்வரலாறு பற்றிய எந்த விவாதமும் அதைத் தொடாமல் செல்வதில்லை. அது எந்தக் கட்டடத்தின் அடியில், எந்த நிலையில் கிடந்தது என்பது இன்னும் செவ்வையாகப் பதிவாகியிருந்தால், அறிஞரிடையே நீடிக்கும் கருத்து வேறுபாடுகளுள் சிலவேனும் தீர்ந்திருக்கக்கூடும். உருக்கினால் ஒரு சோடி சிறுதோட்டுக்கே காணும் பொன்னை நம்பி ஒரு நாட்டின் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு நிற்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போருக்கு, பொன்னை எடையால் மட்டும் மதிக்கும் பழக்கம் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

வட்டுக்கோட்டைக்கு இன்னும் அண்மையிலுள்ள சான்று ஆனைக்கோட்டையில் கிடைத்தது. மண் அகழ்ந்தபோது வெளிப்பட்ட பெருங்கற்காலப் புதைகுழிகளை, அதாவது இரும்பின் பயனை அறிந்திருந்த மக்கள் கறுப்பு–சிவப்பு மட்கலங்களோடு இறந்தோரை அடக்கம் செய்த குழிகளை, 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. இந்திரபாலா தலைமையிலான குழுவினர் ஆராய்ந்தனர். அங்கே ஒரு மனித எலும்புக்கூட்டின் தலைமாட்டில், மட்கலமொன்றில், சிறிய வெண்கல முத்திரை ஒன்று இருந்தது. அதன் மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துகளும் அமைந்திருந்தன. ‘கோவேத’ என்று படிக்கப்பட்ட அந்த எழுத்துகள், கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் தலைவன் ஒருவன் இப்பகுதியில் இருந்தமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. முத்திரை, எலும்புக்கூடு, மட்கலம், அவற்றைச் சூழ்ந்த மண்படை ஆகிய நான்கும் ஒன்றாகக் கிடந்ததாலேயே இத்தனையும் சொல்ல முடிந்தது.

இதே முத்திரையை ஆய்வாளருக்கு முன்னர் கருவியோடு வந்த ஒருவர் கண்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கருவி ஒலித்திருக்கும், சிறு மண்வெட்டியால் ஒரு குழி தோண்டப்பட்டிருக்கும், கறுப்பு–சிவப்பு மட்கலத்தின் ஓடுகள் குப்பையென்று ஒதுக்கப்பட்டிருக்கும், பச்சைக் களிம்பேறிய வெண்கலத் துண்டு ஒன்று வீட்டுக்குச் சென்று, புளியாலும் சாம்பலாலும் தேய்க்கப்பட்டு, எழுத்து பாதி அழிந்த நிலையில் மேசை இழுப்பறைக்குள் கிடந்திருக்கும். தொல்லியலார் ‘படைச்சூழல்’ என்று குறிப்பது, ஒரு பொருள் எந்த ஆழத்தில், எவற்றுக்கு அருகில், எந்த மண்ணில் கிடந்தது என்னும் உறவுகளின் தொகுதியை. பொருளை அருங்காட்சியகத்திடம் பின்னர் ஒப்படைத்தாலும், ஒருமுறை கலைந்த படைச்சூழலை எவராலும் மீட்க இயலாது. வழுக்கியாற்றின் கரையில், 1917ஆம் ஆண்டையொட்டி போல் ஈ. பீரிஸ் ஆராய்ந்ததும் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் பரிசோதனை அகழ்வு நடத்தியதுமான கந்தரோடையிலும், உரோமக் காசுகளும் இந்திய முத்திரைக் காசுகளும் மேற்பரப்பிலேயே பொறுக்கப்பட்டமை பெருமையோடு கூறப்படுவதுண்டு. எங்கு கிடந்தன என்ற குறிப்பின்றிப் பொறுக்கப்பட்ட ஒவ்வொரு காசும் ஒரு சான்று குறைந்துபோனதையே காட்டுகிறது என்பதும் அதனோடு சேர்த்துக் கூறத்தக்கது.

வட்டுக்கோட்டை வளவொன்றில் இக்கருவி உண்மையில் எவற்றைக் கண்டு ஒலிக்கும் என்று கேட்பதும் பயனுடையது. ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டு, நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்த காசுகளுள் மிகப் பெரும்பாலானவை செப்புக் காசுகள். போர்த்துக்கேயர் கட்டிய கோயிலை ஒல்லாந்தர் தமதாக்கிக்கொண்ட ஊர் இது. 1672இல் வெளியான ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயுவின் நூலில் இடம்பெற்றது. 1823இல் அமெரிக்க மிஷன் செமினரியைப் பெற்று, 1872 முதல் யாழ்ப்பாணக் கல்லூரியின் இருப்பிடமாக விளங்குவது. ஆதலால், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புச் சல்லிகளும் பிரித்தானியர் காலத்துச் சதக் காசுகளும் இவ்வூர் மண்ணில் கிடப்பது இயல்பு. அவற்றைவிடப் பன்மடங்காகக் கிடப்பவை தகரத்தாணி, மாட்டு இலாடம், உழவு இயந்திரத்தின் மரையாணி, சோடா மூடி, பால்மா தகரம், பங்கர் மூட இட்ட இரும்புத் துண்டு, ஷெல் சிதறல்.

இவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்று பிரித்தறிவதில் கருவிக்கு உள்ள வல்லமை விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதன்று. கம்பிச் சுருளொன்றில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தும்போது அதைச் சுற்றி மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. அப்புலம் நிலத்தடியிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, அச்சுழல் தனக்குரிய சிறு காந்தப்புலத்தை எழுப்ப, மற்றொரு சுருள் அதைப் பற்றி ஒலியாக மாற்றுகிறது. மறுமொழி எவ்வளவு காலந்தாழ்த்தி வருகிறது என்பதைக் கொண்டு இரும்பையும் ஏனையவற்றையும் ஓரளவு பிரிக்க முடியுமாயினும், சிறிய பொன் மோதிரமும் சோடாப் பேணியின் அலுமினிய வளையமும் ஏறத்தாழ ஒரே மறுமொழியைத் தருவதால், குப்பையைத் தோண்டாமல் பொன்னை மட்டும் தோண்டும் வழி எவருக்கும் வாய்ப்பதில்லை. செம்மண்ணின் நிறத்துக்குக் காரணமான இரும்பு ஒட்சைட்டும் தன் பங்குக்கு ஒலியெழுப்பும். அதைக் கழித்துக் கேட்கும்படி கருவியைச் சரிசெய்யும் வேலை ‘நிலச் சமன்’ எனப்படும். ‘துடிப்புத் தூண்டல்’ என்னும் பிறிதொரு முறை, மின்னோட்டத்தைத் துண்டு துண்டாகச் செலுத்தி, ஒவ்வொரு துண்டும் ஓய்ந்தபின் எஞ்சும் மறுமொழியை அளப்பதால் இரும்பேறிய மண்ணில் ஆழமாகச் செல்கிறது; ஆனால் இரும்பைப் பிரித்தறியும் திறனில் பின்தங்குகிறது.

1881இல் சுடப்பட்ட அமெரிக்க சனாதிபதி கார்பீல்டின் உடலில் குண்டைத் தேடுவதற்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் அமைத்து வெற்றி காணாத கருவி இவ்வகையில் முன்னோடிகளுள் ஒன்று. இத்தகைய கருவியைப் பெருமளவில் பரப்பியது போர். போலந்து நாட்டுப் படை அலுவலர் யோசெப் கொசாட்ஸ்கி இரண்டாம் உலகப்போரின்போது வடிவமைத்த கண்ணிவெடி தேடும் கருவி, 1942இல் எல் அலமெயின் போர்க்களத்தில் நேசப் படைகளுக்கு வழிதிறந்தது. பொன்னுக்கும் வெடிக்கும் இடையிலான இந்த உறவு இன்றும் அறுபடவில்லை. தென் அவுஸ்திரேலியாவில் தோன்றிய மைன்லாப் நிறுவனம் பொன் தேடுவோருக்கான கருவிகளையும் கண்ணிவெடி அகற்றுவோருக்கான கருவிகளையும் ஒருங்கே செய்து வருகிறது.

வட இலங்கை மக்களைப் பொறுத்தவரை, தலையணியும் காப்புடையும் அணிந்து, வட்டச் சுருளை நிலத்துக்கு மேல் மெதுவாக அசைத்துச் செல்லும் மனிதரின் தோற்றம் பொழுதுபோக்கை நினைவூட்டுவதன்று, மிதிவெடியையே நினைவூட்டுவது. கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் அமைப்பு 2002இலிருந்து இங்கே பணியாற்றி வருகிறது. மெக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளும் இராணுவத்தின் பிரிவும் இப்பணியில் ஈடுபட்டுள்ளன. இலங்கை 2017 டிசம்பரில் ஆட்களுக்கெதிரான மிதிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் இணைந்தது. அரச படையினரும் விடுதலைப் புலிகளும் எதிரெதிரே ஆண்டுக்கணக்கில் நிலைகொண்டிருந்த முகமாலையில், நூல்கட்டிப் பிரித்த ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றினுள் ஒரு பெண் முழந்தாளிட்டு வேலை செய்யும் முறை பின்வருமாறு: முன்னாலுள்ள ஓரடி நிலத்தில் புல்லை வெட்டி அகற்றுவது, கருவியை அந்த அகலம் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அசைப்பது, ஒலி எழுந்தால் அதன் நடுப்புள்ளியைக் குறியிடுவது, குறிக்குச் சற்றுப் பின்னாலிருந்து பக்கவாட்டில் மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி அணுகுவது. பிளாஸ்டிக் உறையுள் ஊசியளவு உலோகம் மட்டுமே கொண்ட மிதிவெடிகளும் புதைக்கப்பட்டிருப்பதால், ஆணியின் ஒலியும் வெடியின் ஒலியும் ஒன்றாகவே கேட்கும்; ஒவ்வொரு ஆணியும் வெடியென்றே கருதித் தோண்டப்படும். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர் இத்தொழிலை ஏற்று, பிறருடைய பிள்ளைகள் அச்சமின்றி நடப்பதற்காக அங்குலம் அங்குலமாக நிலத்தை மீட்டுத் தருகிறார்கள். உலோகங்காட்டும் கருவிக்கு இந்நாட்டில் வாய்த்த மிக உயர்ந்த பயன் இதுவே என்பதில் ஐயமில்லை. பயிற்சியில்லாத ஒரு குடும்பம், அதிலும் சிறுவர்களோடு, ஒலி கேட்ட இடத்தையெல்லாம் அலவாங்கால் குத்திப் பார்ப்பது எத்தகைய ஆபத்து என்பதும் இதிலிருந்தே தெளிவாகும்; வட்டுக்கோட்டை அடங்கிய வலிகாமம் மேற்கில் மக்கள் குடியமர்ந்து பல ஆண்டுகள் சென்றுவிட்டாலும், வெடிக்காத ஷெல்கள் வளவுகளில் வெளிப்படுவது இன்னும் நின்றுவிடவில்லை.

மண்ணில் பொன் கிடக்கிறது என்ற நம்பிக்கைக்கு வடக்கில் அண்மைக் காலக் காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, சுமக்க இயலாத பித்தளைப் பாத்திரங்களையும், வழிப்பறிக்கு அஞ்சிச் சிலர் நகைகளையும் கிணற்றடியிலும் அடுப்படியிலும் தாட்டுவைத்துச் சென்றனர். 1996இல் திரும்பியவர்களுள் தாட்ட இடத்தை மீண்டும் கண்டவர்கள் உண்டு; வேலியும் மரமும் வீடும் அழிந்து, அடையாளம் தெரியாமல் போனவர்களும் உண்டு; திரும்பியே வராதவர்களும் உண்டு. விடுதலைப் புலிகள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் வீதம் பொன் திரட்டியதும், தமிழீழ வைப்பகத்தில் மக்கள் நகைகளை அடகு வைத்ததும், போரின் இறுதிக் கட்டத்தில் அவை எங்கே போயின என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடை கிடைக்காமலிருந்ததும் அந்த நம்பிக்கையை மேலும் வளர்த்தன. முல்லைத்தீவுப் பக்கத்தில் புலிகளின் பொன் புதைந்திருப்பதாகக் கிடைத்த தகவலின் பேரில் நீதிமன்ற அனுமதியோடு பொலிஸார் முன்னிலையில் நிலம் அகழப்பட்டு, ஒன்றும் கிடைக்காமல் குழி மூடப்பட்ட செய்திகள் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்தன. போரின் முடிவில் கைப்பற்றி வைத்திருந்த நகைகளை இராணுவம் 2025 மே மாதத்தில் பொலிஸாரிடம் கையளித்தது. ஒரு தாயின் தாலியோ ஒரு மகளின் காப்போ அவற்றுள் இருக்கலாம் என்பதால், அவை உரியவரிடம் சேர்வது ஆரவாரமின்றி, ஆனால் உறுதியோடு செய்துமுடிக்கப்பட வேண்டிய கடமையாகும்.

முன்னாளில் புதையல் தேடுவோர் வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவரை நாடினர். பூதம் காக்கும் பொன்னுக்குப் பலி கொடுக்க வேண்டும் என்ற கொடிய மூடநம்பிக்கையும் அதனோடு ஒட்டியிருந்தது. இன்று மைக்குப் பதிலாக ‘ஸ்கானர்’ வந்திருக்கிறது, நம்பிக்கை மாறவில்லை. இரவில் கோயில் வீதியிலோ பாழடைந்த கட்டடத்திலோ தோண்டியவர்கள் கருவியோடு கைதாகும் செய்திகள் தீவெங்கும் வந்தவண்ணம் உள்ளன. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றித் தொல்பொருளைத் தேடித் தோண்டுவதைக் குற்றமாக்குகிறது. தற்செயலாகப் புதையல் கண்டவரும் அதை மறைத்து வைத்துக்கொள்ளாமல் அரசுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். கடலின் அக்கரையில் தமிழ்நாட்டிலும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கண்டவரை மாவட்ட ஆட்சியரிடம் செல்லவே பணிக்கிறது.

அவ்வாறாயின் குடும்பமாகச் சென்று பொன் தேடுவது எங்குமே தகாத செயலா என்றால், அப்படியில்லை. பெருந்தொகையான ஈழத்தமிழர் வாழும் மெல்பேணிலிருந்து சில மணி நேரம் வாகனத்தில் சென்றால் அடையக்கூடிய பலராட், பெண்டிகோ, டனொலி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நிலம் அதற்கு முழுவதும் பொருத்தமானது. அங்கே படிகக்கல் நரம்புகள் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்ததால் பொன் கட்டி கட்டியாக மேல்மண்ணிலேயே கிடக்கிறது. 1869 பெப்ரவரி 5 அன்று மோலியகுல் என்னுமிடத்தில் ஜோன் டீசன், ரிச்சட் ஓட்ஸ் ஆகிய இருவருக்கும் ஒரு மரத்தின் வேரடியில், நிலமட்டத்துக்கு ஓரங்குலம் கீழே கிடைத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ என்னும் கட்டியில் எழுபது கிலோவுக்கும் மேற்பட்ட தூய பொன் இருந்தது. அதை நிறுக்கப் போதிய தராசு டனொலியில் இல்லாததால் பட்டடையில் வைத்துத் துண்டாக்க நேர்ந்தது. 1980இல் கிங்கவர் என்னும் ஊரருகே ஒருவர் உலோகங்காட்டும் கருவியால் கண்ட ‘ஹாண்ட் ஒவ் பெய்த்’ 27 கிலோ எடையுடையது.

அந்நாட்டில் இத்தேடல் உரிமத்தோடு நடப்பது. 1854 டிசம்பர் 3 அன்று பலராட்டின் யூரேக்கா அரணில், மாதந்தோறும் அறவிடப்பட்ட கடும் உரிமக் கட்டணத்தை எதிர்த்த சுரங்கத் தொழிலாளர்மீது படையினர் சுட்டதில் பலர் இறந்தனர். அடுத்த ஆண்டே அக்கட்டணம் நீக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு பிரித்தானியப் பவுண் பணத்துக்கு ‘சுரங்கத்தார் உரிமை’ என்னும் சீட்டு வழங்கப்பட்டது. அதே பெயர்கொண்ட சீட்டை இன்றும் விக்டோரியா அரசு பத்தாண்டுக்குச் செல்லுபடியாகும்படி சிறு கட்டணத்துக்கு வழங்குகிறது. கைக்கருவிகளால் மட்டும் தோண்டுவது, தோண்டிய குழியை மூடுவது, தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி பெறுவது, ஆதிக்குடிகளின் பண்பாட்டுத் தடயங்களைத் தீண்டாதிருப்பது ஆகியவை நிபந்தனைகள். பிள்ளைகள் வெயிலில் நடந்து, படிகக்கல்லை இனங்கண்டு, நூறு ஆணிகளையும் ஈயக் குண்டுகளையும் பொறுமையாகத் தோண்டி, சில வேளைகளில் நெல்மணியளவு பொன்னோடு வீடு திரும்புவது நற்பயனுள்ள பொழுதாகும். அந்தப் பொன்னுக்கு வேறு உரியவர் இல்லை, அதைச் சூழ்ந்த மண்ணில் கலைந்துபோகும் வரலாறும் இல்லை.

பொன் அரிக்கும் கலை யாழ்ப்பாணத்தார் அறியாததன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கன்னாதிட்டியிலும் கஸ்தூரியார் வீதியிலும் உள்ளவை போன்ற நகைப் பட்டறைகளில், அரத்தால் தேய்க்கும்போதும் வெட்டும்போதும் உதிரும் பொடி பலகையிடுக்கிலும் பாயிலும் உமிக்கரிச் சட்டியிலும் தங்கிவிடும். தரையைக் கூட்டிய குப்பையும் கைகழுவிய நீரின் அடிமண்டியும் நாட்கணக்கில் சேர்த்துவைக்கப்பட்டு, எரித்துச் சாம்பலாக்கப்பட்டு, தட்டில் நீரோடு சுழற்றி அரிக்கப்படும். எஞ்சும் கரும்பொடியில் பாதரசத்தைக் கலந்தால் அது பொன்னைப் பற்றிக்கொள்ளும். அந்தக் கலவையைச் சூடாக்கும்போது பாதரசம் ஆவியாகிப் பொன் எஞ்சும். விக்டோரியாவில் ஆற்றோரத்தில் நிகழும் அரிப்புக்கும் தட்டில் சுழற்றும் இந்தப் பட்டறை அரிப்புக்கும் இயற்பியலில் வேறுபாடு இல்லை. பாதரச ஆவி நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும் நஞ்சு என்பதால், மூடிய சிற்றறையில் தலைமுறைகளாக இதைச் செய்துவந்த தொழிலாளர் தம் உடல்நலத்தையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

வட்டுக்கோட்டையில் வாழும் அல்லது விடுமுறைக்கு வந்து தங்கும் குடும்பமொன்று மண்ணைத் தேடியறிய விரும்பினால், அதற்குக் கருவி எதுவும் தேவையில்லாத சிறந்த முன்மாதிரி ஒன்று உள்ளது. பொ. இரகுபதி, ‘யாழ்ப்பாணத்தின் தொடக்ககாலக் குடியிருப்புகள்’ பற்றி 1987இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வுநூலுக்கான தரவுகளில் பெரும்பகுதியை, உழுத வயலிலும் மணல் திட்டிலும் நடந்து, மேற்பரப்பில் கிடக்கும் ஓட்டுத் துண்டுகளை நோக்கியே திரட்டினார். உட்புறம் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும் காணும் ஓட்டுத் துண்டை ஒரு சிறுமி வழுக்கியாற்று வயல்வரம்பில் இனங்காணக் கற்றுக்கொண்டால், பொன்னைத் தோண்டியெடுத்தவரைவிட அதிகமாக அவள் தன் ஊரை அறிந்தவளாவாள். யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் கந்தரோடைப் பொருள்களை முதலில் பார்த்துவிட்டுச் செல்வது கண்ணுக்குப் பயிற்சியாக அமையும். கருவியைப் பயன்படுத்துவதில் தவறில்லாத தருணமும் உண்டு: தன் வளவிலேயே அண்மையில் தவறிய தோட்டையோ மோதிரத்தையோ, மேல்மண்ணை விட்டுக் கீழே செல்லாமல் தேடுவது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தையொட்டி 1997இல் தொடங்கப்பட்ட தொல்பொருள் பதிவுத் திட்டத்தில், பொதுமக்கள் கண்ட பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இன்று இடமும் நாளும் குறிக்கப்பட்டுப் பதிவாகியுள்ளன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் போடும்போதும் வெளிப்படுபவற்றைப் பதிவதற்கு அத்தகைய எளிய ஏற்பாடு ஒன்று வேண்டும். தொல்பொருள் திணைக்களமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பிரதேச செயலகங்களும் இணைந்தால் அதைச் செய்ய முடியும். அதுவரையில், பழம்பொருள் ஒன்று மண்வெட்டியில் தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தி, பொருளை எடுக்காமலும் கழுவாமலும், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, நிலமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், மண்ணின் நிறம் என்ன, அருகில் ஓடோ எலும்போ சாம்பலோ உண்டா என்பவற்றைக் குறித்து, கிராம அலுவலர் மூலம் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். வெளிப்பட்டது வெடிபொருளோ என்ற ஐயம் சிறிதளவு எழுந்தாலும் படமெடுக்கவும் நிற்காமல், வந்த அடிச்சுவட்டிலேயே பின்வாங்கி, பிள்ளைகளை அப்பால் அழைத்துச் சென்று, உடனே பொலிஸாருக்குத் தெரிவிக்க வேண்டும்.